குதிரையின் நாடியைக் கண்ட வரலாறு

கோலாலம்பூரில் இன்று இரட்டைக் கோபுரங்கள் வானளாவ நிற்கும் நிலம், ஒரு காலத்தில் குதிரைகளின் குளம்படியோசை கேட்ட நிலமாகும். 1896-ஆம் ஆண்டில் தோன்றிய சிலாங்கூர் டர்ஃப் கிளப்பின் பந்தயத் திடல் அங்கேதான் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அத்திடல் சாலாக் செலாத்தானுக்குத் தெற்கே சுங்கை பீசிக்கு இடம்பெயர்ந்தது. அதற்கும் தெற்கே செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை உள்ளது. குதிரை ஓடும் திடலும் குதிரைக்கு மருத்துவம் பார்க்கும் இடமும் அண்டை அயலாக அமைந்தது பொருத்தமேயாகும். ஏனெனில், ஓடும்போது மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்ளும் நோயொன்று குதிரைக்கு உண்டு. உயிருள்ள குதிரையின் உடலுக்குள் அந்நோயைக் கண்ணால் காண்பதற்கு மனிதன் ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, இடுப்பருகே பின்னங்கால்களுக்குச் செல்லும் கிளைகளாகப் பிரிகிறது. அவ்விடத்தில் குருதி உறைந்து படிப்படியாக வழியை அடைப்பதே இந்நோய். குதிரை நிற்கும்போது கசிந்து செல்லும் சிறிதளவு குருதியே தசைகளுக்குப் போதும். ஓடத் தொடங்கியதும் தசைகள் பன்மடங்கு குருதியை வேண்டுகின்றன. அடைபட்ட வழியோ தர மறுக்கிறது. கால் விறைக்கிறது, குதிரை நொண்டுகிறது. சிறிது நேரம் நிறுத்தினால் ஒன்றுமே நடவாததுபோல் நிமிர்ந்து நிற்கிறது. காலில் காயமில்லை, வீக்கமுமில்லை. இத்தகைய குதிரையைச் சோம்பேறி என்றும் முரடு என்றும் கருதிச் சவுக்கால் அடிப்பது எளிது. வாயில்லா உயிர் தன் வலியை எவரிடம் முறையிடும்?

குதிரையின் நோய் அறியாமல் அதனை இழந்த வரலாறு தமிழகத்திற்கும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டிற்கு அரபு நாட்டுத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்திறங்கின. அவற்றைப் பேணும் முறை அறிந்தோர் இன்மையால் பெரும்பாலானவை மாண்டொழிந்தன என்று வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ எழுதியுள்ளார். பொன் கொடுத்து வாங்கத் தெரிந்தவர்க்கு நோயறிந்து காக்கத் தெரியவில்லை.

1831-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் பூலே, விட்டுவிட்டு நொண்டும் குதிரையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னங்கால் நாடிகள் அடைபட்டிருந்ததே நொண்டலுக்குக் காரணம் என்று அவர் காட்டினார். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1858-இல், பாரிசு மருத்துவர் சார்க்கோ அதே நோயை மனிதரிடம் கண்டு விளக்கினார். சிறிது தொலைவு நடந்ததும் கெண்டைக்கால் வலித்து நின்றுவிடும் நோயாளியின் துன்பத்தைப் புரிந்துகொள்ள, நொண்டிய குதிரையே வழிகாட்டிற்று எனலாம். ஆயினும் அக்காலத்தில் நாடியின் அடைப்பைக் கண்ணால் காண, உயிர் பிரிந்தபின் உடலைத் திறந்து பார்ப்பதையன்றி வேறு வழியில்லை. அவ்வறிவு அக்குதிரைக்குப் பயன்படாத அறிவன்றோ!

1895-இல் ராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டார். மறு ஆண்டின் தொடக்கத்திலேயே வியன்னாவில் துண்டிக்கப்பட்ட ஒரு கையின் நாடிகளில் கதிரை மறைக்கும் கலவையைச் செலுத்திப் படம் எடுத்தனர். 1927-இல் போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ், உயிருள்ள மனிதரின் மூளை நாடிகளைப் படத்தில் காட்டினார். 1929-இல் அந்நாட்டவரான டோஸ் சாந்தோஸ் பெருந்தமனியையே படம் பிடித்தார். மனிதருக்கு வழி திறந்தது. குதிரைக்கோ அது எளிதில் திறக்கவில்லை. ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கின் இடுப்புத் தசைகளை ஊடுருவித் தெளிவான படம் பெறுவது அரிது. அசையாமல் கிடக்க மயக்க மருந்து கொடுப்பதும் குதிரைக்கு மனிதரைவிட மிகுந்த ஆபத்தானது.

விடை ஒளியிலிருந்து வரவில்லை, ஒலியிலிருந்து வந்தது. காதுக்கு எட்டாத ஒலியலைகளை உடலுக்குள் அனுப்பி, அவை எதிரொலித்து மீள்வதைப் படமாக்கும் முறையை 1958-இல் கிளாஸ்கோ மருத்துவர் இயன் டொனால்டும் அவர்தம் துணைவரும் வெளியிட்டனர். 1980-இல் பிரெஞ்சு அறிஞர்கள் பெண் குதிரையின் கருப்பையை மலக்குடல் வழியே இம்முறையால் ஆராய்ந்தனர். பெருந்தமனி கிளை பிரியும் இடமும் அக்குடலுக்கு நேர் மேலேயே இருக்கிறது. முன்பு மருத்துவர் கையை உட்செலுத்தி நாடித்துடிப்பைத் தடவியே ஊகித்தார். இனி அங்கே கருவியை வைத்துப் பார்க்கலாயிற்று. 1987-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வர்ஜீனியா ரீஃபும் அவர்தம் குழுவினரும், குதிரையின் பெருந்தமனிக் கிளைகளில் உறைந்த குருதியை இவ்வாறு கண்டறிந்ததை வெளியிட்டனர். குதிரை நின்றபடியே நிற்க, கத்தியின்றி, அடைப்பு திரையில் தெரிந்தது. குருதி ஓடும் வேகத்தைக் காட்டும் டாப்ளர் முறையும் இதற்குத் துணை நின்றது.

படம் காட்டுவதெல்லாம் குணமாவதில்லை என்பதும் உண்மையே. முற்றிய அடைப்புக்கு மருந்து பெரிதும் உதவுவதில்லை. மெல்லிய குழாயைச் செலுத்தி உறைவை வெளியே இழுக்கும் அறுவை சில குதிரைகளை மீண்டும் ஓடச் செய்திருக்கிறது, எல்லாவற்றையும் அன்று. ஆனால், காரணம் தெரிந்தபின் அக்குதிரையைச் சோம்பேறி என்று எவரும் சொல்ல இயலாது.

கருவி வந்தபின்னும் முதல் சான்று லாயத்திலேயே கிடைக்கிறது. ஓடி வந்த குதிரையின் பின்னங்கால்களைத் தடவிப் பார்ப்பவர், ஒரு கால் மட்டும் குளிர்ந்திருப்பதையும், அக்காலின் உட்புற நரம்பு தாமதமாகப் புடைப்பதையும் அறியலாம். அந்தக் கையின் அறிவை மதித்து மருத்துவரை அழைப்பவரிடமே கருவியும் பயன் பெறும். அடிப்பதற்கு முன் ஆராய்ந்து பார் என்பதே, நொண்டிய குதிரை மனிதனுக்குக் கற்பித்த பாடமாகும்.