சிரத்தையான மனுஷர்

வலங்கைமான் என்றால் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்குப் பாடைகட்டி மாரியம்மன் ஞாபகம் வரும். தீபாவளி சமயத்தில் பட்டாசு. வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியை யோசித்துத்தான் சொல்வார்கள். அந்த 'வி' வலங்கைமான்தான்!

1869 செப்டம்பர் 22-ல் பிறந்தார். காந்தியைவிடப் பத்தே நாள் மூத்தவர். ஏழைப் புரோகிதர் வீட்டுப் பிள்ளை. வெள்ளைக்காரனே அசந்துபோகிற இங்கிலீஷ் அவருடையது என்று எல்லோரும் எழுதியாகிவிட்டது. சும்மா வந்துவிடுமா அது? ஒரு சொல்லை எப்படி உச்சரிக்கணும் என்பதில்கூட அலட்சியம் கிடையாது. நம்ம ஊரில் இதற்கு 'சிரத்தை' என்று பெயர்.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தபோது, 1904-ல் அங்கே கூட்டுறவு பண்டகசாலை தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். டி.யு.சி.எஸ். என்றால் சென்னைவாசிகளுக்குப் புரியும். காமர்ஸ் படித்த எனக்கு அவருடைய மேடைப் பேச்சைவிட இந்த மளிகைக் கணக்குதான் பெரிசாகத் தெரிகிறது. 1907-ல் வேலையை விட்டுவிட்டு, கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். சங்கம் கொடுப்பதில்தான் குடும்பம் நடக்கணும், தனக்கென்று சம்பாதிக்கக் கூடாது. அதுதான் அங்கே விதி.

சிரத்தை உள்ள பிள்ளைகள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்கிறார்கள் மனோதத்துவக்காரர்கள். 1921-ல் கலிபோர்னியாவில் சுமார் 1,500 சிறுவர்களிடம் தொடங்கிய ஆய்வு அது. ஆயுள் கூடலாம். அரசியலில் கைதட்டல் கூடுமா? ம்ஹூம்.

1919-ல் ரௌலட் மசோதாவைச் சட்டசபையில் கிழித்துத் தோரணம் கட்டினார் சாஸ்திரி. ஆனால் அதை எதிர்த்து காந்தி சத்தியாகிரகம் என்றதும், சட்டத்தை மீறுவது சரியில்லை என்று ஒதுங்கிவிட்டார். மனசு ஒப்பாததை ஊருக்காகச் செய்ய அவருக்கு வரவில்லை. சர்க்கார் ஆள் என்று ஏச்சு விழுந்தது. அந்த 'சர்க்கார் ஆள்' 1928-ல் 'சர்' பட்டம் வந்தபோது வேண்டாம் என்றார் என்பதை ஏசியவர்கள் கவனித்தார்களா, தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், 1927-ல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியாவின் முதல் ஏஜெண்டாகப் போகச் சொல்லி அவரை வற்புறுத்தியவரே காந்திதான்! தயங்கித் தயங்கித்தான் போனார். போன இடத்தில் இந்தியப் பிள்ளைகளின் மேல்படிப்புக்குப் பள்ளி இல்லை என்று, அங்கிருந்த நம்மவர்களிடமே வசூல் செய்தார். 1929-ல் டர்பனில் சாஸ்திரி கல்லூரி திறந்தது.

1946 ஜனவரியில் சென்னை வந்த காந்தி, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரைத் தேடிப்போய்ப் பார்த்தார். ஏப்ரல் 17-ல் சாஸ்திரி காலமானார். சுதந்திரத்துக்கு இன்னும் பதினாறு மாசம் இருந்தது.