பனை (சாயல்குடி வட்டாரம்)

பனை, பிரம்பும் சேர்ந்த அரகேசியே குடும்பத்து மரம். அறிவியல் பெயர் போராசஸ் ஃபிளாபெல்லிஃபெர். தமிழ்நாட்டின் மாநில மரமும் இதுவே. மழைக்காட்டுப் பிரம்பு முள்ளைக் கொக்கியாக மாட்டிப் பக்கத்து மரத்தில் தானே ஏறிக்கொள்ளும். பனையில் ஆள்தான் ஏற வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில், மன்னார் வளைகுடாவை ஒட்டிய சாயல்குடிச் சுற்றுப்புறத்தில் பனைத்தொழிலின் ஏற்றமும் இறக்கமும் அந்த ஆளைப் பொறுத்தே இருக்கின்றன.

மழை குறைந்த, மணல் பாங்கான இந்த நிலத்தில் பனைக்குப் பாசனம் தேவையில்லை. 30 மீட்டர் வரை வளரும். முதல் பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆண் மரம் அலகுப்பனை, பெண் மரம் பருவப்பனை. எது எதுவென்று பாளை வரும்வரை தெரியாது. நட்டவர் பொறுத்திருக்க வேண்டியதுதான். பருவப்பனைதான் நுங்கும் பழமும் தரும். பதநீர் இரண்டிலும் இறங்கும்.

பாளையை மரக் கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைப் பாளை அரிவாளால் மெல்லிய சீவலாகச் சீவிக் கலயத்தைக் கட்டுவார்கள். சீவிய வாய் அடைத்துக்கொள்ளும் என்பதால் காலையும் மாலையும் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டாலும் ஊறல் குறையும். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி; இவற்றோடு விடியுமுன்பே ஒவ்வொரு மரமாக ஏறி இறங்குகிறார் பனையேறி.

கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பு நொதித்தலைத் தடுக்கிறது. தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். கள் இறக்க 1987 முதல் தமிழ்நாட்டில் தடை உள்ளது. ஒரே மரம், ஒரே ஊறல். சட்டம் நிற்பது அந்தச் சுண்ணாம்புப் பூச்சில். தடையை நீக்கக் கோரும் குரல் பனையேறிகளிடம் இன்றும் உண்டு.

இறக்கிய பதநீரை வடிகட்டி, விடிலி எனும் ஓலைக்குடிசையில் காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. காய்ந்த ஓலை, மட்டை, சீமைக்கருவேல விறகு எல்லாம் அடுப்புக்குப் போகும். பொங்கி வரும்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டால் நுரை அடங்கும். பாகைத் துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்ட வந்தால் இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். அரைக்கோளக் கருப்பட்டி அப்படி வருவதுதான். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய எட்டு லிட்டர் பதநீர் வேண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், மிக மலிவாக விற்கும் கருப்பட்டியில் சீனி எவ்வளவு என்று சந்தேகப்படுவது நியாயமே.

பதநீர்க் காலம் தை, மாசியில் தொடங்கி ஆடிவாக்கில் முடியும். மற்ற மாதங்களில் ஓலைப்பெட்டி, நார், தும்பு ஆகியவை கைச்செலவுக்கு உதவும். பழக்கொட்டையை மண்ணில் புதைத்து எடுக்கும் பனங்கிழங்கு பொங்கலையொட்டிச் சந்தைக்கு வரும். பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் அதே கிழங்கைக் காயவைத்து ஒடியலாக்கிக் கூழ் காய்ச்சுகிறார்கள்.

செங்கல் சூளைக்காகப் பனைகள் வெட்டப்பட்ட நிலையில், 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தது. 30 மாவட்டங்களில் 76 லட்சம் விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்குவது திட்டம். மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்றும் அதே அறிக்கை கூறியது. அவ்வாண்டு ஊன்றிய விதை பாளை விடும் நாளில் 2035 கடந்திருக்கும். அதற்குள் ஏறக் கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.