நெருப்புக் காய்ச்சல்: கிருமியின் பெயரும் மருந்தின் தெரிவும்

டைபொயிட் என்ற சொல் நமது ஊர்களில் பரவுவதற்கு முன்பே அதற்கு ஒரு பெயர் இருந்தது: நெருப்புக் காய்ச்சல். "மூணு நாலு கிழமைக்கு உடம்பு அனலாக் கொதிக்கும், கஞ்சித் தண்ணிய மட்டும் குடுத்துப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். மூன்றாவது கிழமை தாண்டுவதுதான் கஷ்டம். குடலில் துளை விழுந்தோ, உள்ளே இரத்தம் கசிந்தோ ஆள் மௌத்தாகிவிடும். மருந்து இல்லாத காலத்தில் இந்நோய் கண்ட பத்துப் பேரில் ஒருவரோ இருவரோ இறந்தார்கள்.

இன்று இந்த நோய்க்கு யாரும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. குளிசை இருக்கிறது, ஊசி இருக்கிறது. ஆனால் அந்தக் குளிசையும் ஊசியும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும் கதை பலருக்குத் தெரியாது. அது, கிருமிக்குச் சரியான பெயர் சொன்னதால் கிடைத்த மருந்துகளைப் பெயர் பாராமல் கொடுத்து இழந்த கதை. வரலாற்று ஒழுங்கில் அதைப் பார்ப்போம்.

முதலில் பெயர்க் குழப்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை ஐரோப்பிய வைத்தியர்கள் டைபஸ், டைபொயிட் என்ற இரண்டு காய்ச்சல்களையும் பிரித்தறியவில்லை. இரண்டிலும் நீண்ட காய்ச்சல், பிதற்றல், உடலில் தடிப்பு. 1837 இல் பிலடெல்பியாவில் வில்லியம் ஜெர்ஹாட், இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்து, ஒன்றில் சிறுகுடலில் புண் இருப்பதையும் மற்றதில் அது இல்லாததையும் எழுதினார். பிறகு லண்டனில் வில்லியம் ஜென்னர் அதை உறுதிப்படுத்தினார். டைபஸ் பேன் மூலம் பரவுவது. டைபொயிட் நோயாளியின் மலம் கலந்த தண்ணீரால் பரவுவது என்று வாதிட்டவர் பிரிஸ்டல் நகரின் வைத்தியர் வில்லியம் பட். அவருடைய நூல் 1873 இல் வந்தது. இவர்கள் யாருமே அந்தக் கிருமியைக் கண்ணால் கண்டவர்களல்லர்.

கண்டவர் கார்ல் எபர்த், 1880 இல். 1884 இல் கயோர்க் காஃப்கி அதை ஆய்வுகூடத்தில் தனியாக வளர்த்துக் காட்டினார். அதே 1884 இல்தான், பெர்லினில் வேலை செய்துகொண்டிருந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் நாட்டு இளம் வைத்தியர் ஒரு சாயமிடும் முறையை வெளியிட்டார். நியூமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் துண்டுகளில் பற்றீரியாவைத் தெளிவாகப் பார்ப்பதே அவருடைய தேவை. ஊதாச் சாயம் இட்டு, அயடீன் சேர்த்து, பிறகு அற்ககோலால் கழுவினார். சில கிருமிகள் ஊதா நிறத்தைப் பிடித்துக்கொண்டன. சில நிறத்தை விட்டுவிட்டன. டைபொயிட் கிருமி நிறத்தை விட்டுவிடும் கூட்டத்தைச் சேர்ந்தது. தன்னுடைய முறை குறைபாடுள்ளது என்று அக்கட்டுரையிலேயே எழுதிய மனிதர் அவர். இன்றும் உலகத்திலுள்ள ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களில் நாள்தோறும் நடப்பது அந்த முறைதான். நிறம் பிடித்தவை கிராம் நேர், விட்டவை கிராம் எதிர்.

இந்த வேறுபாட்டின் காரணம் கிருமியின் சுவரில் இருக்கிறது. கிராம் நேர் வகைக்குத் தடித்த சுவர். கிராம் எதிர் வகைக்கு மெல்லிய சுவர், அதற்கு வெளியே கொழுப்பு கலந்த இன்னொரு படலம். அந்த வெளிப்படலம் பல மருந்துகளை உள்ளே விடாது. ஆகவே நிறம் பார்த்துப் பிரித்தது, பின்னால் எந்த மருந்து எடுபடும் என்று பிரிப்பதற்கும் உதவியது.

1896 இல் பெர்னாண்ட் விடால் இரத்தத்தைக் கொண்டு டைபொயிட்டை அறியும் சோதனையைச் செய்தார். ஆனால் டைபொயிட்டைப் போலவே தோன்றும் பராடைபொயிட் கிருமிகளும் இருந்தன. அவற்றைப் பிரித்தறிய உதவும் ஒரு நுட்பத்தை 1902 இல் அல்டோ கஸ்டெலானி என்ற இத்தாலியர் கண்டுபிடித்தார். இந்தப் பெயர் இலங்கை வரலாற்றுக்கு அந்நியமானதல்ல. மறு வருடமே கொழும்புக்கு வந்து இங்குள்ள பற்றீரியவியல் நிலையத்தைப் பொறுப்பேற்று, 1915 வரை இருந்தவர். நமது நாட்டில் 'பறங்கி' என்று சொல்லப்பட்ட புண் நோயின் கிருமியை 1905 இல் இனங்கண்டவரும் அவரே. அந்தக் கிருமியையும் சிபிலிஸ் கிருமியையும் நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பிரிக்க முடியாது. நோய்கள் வேறு, ஆனால் பிற்காலத்தில் இரண்டுக்கும் பெனிசிலின் ஊசியே மருந்தாயிற்று. தோற்றம் மட்டும் போதாது என்பதற்கு இது கொழும்பிலேயே கிடைத்த பாடம்.

பெனிசிலினை 1928 இல் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், அது எந்தெந்தக் கிருமியைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்று 1929 கட்டுரையில் எழுதினார். டைபொயிட் கூட்டம் தடுக்கப்படாதவற்றின் பக்கம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட எத்தனையோ பேரைப் பெனிசிலின் காப்பாற்றியது. நெருப்புக் காய்ச்சல்காரருக்கு மட்டும் அதே கஞ்சித் தண்ணியும் பொறுமையும்தான்.

அந்த நிலையை மாற்றிய சம்பவம் மலாயாவில் நடந்தது. வெனிசுவேலா மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1947 இல் குளோரம்பெனிகோல் என்ற மருந்து கிடைத்தது. மலாயாப் பற்றைக் காடுகளில் சிற்றுண்ணி கடித்து வரும் ஒருவகை டைபஸ் காய்ச்சலுக்கு அதைப் பரீட்சிக்க, ஜோசப் ஸ்மேடல் தலைமையிலான அமெரிக்கக் குழு 1948 இல் கோலாலம்பூருக்கு வந்தது. தியோடர் வுட்வேட் அதில் ஒருவர். டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்கு உண்மையில் இருந்தது டைபொயிட் என்று சோதனையில் தெரிய வந்தது. ஆள் சுகமாகிக்கொண்டிருந்தார்! உடனே டைபொயிட் நோயாளிகளைத் தெரிந்தெடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கிழமைக் கணக்கில் எரிந்த காய்ச்சல் சில நாட்களில் தணிந்தது.

ஜெர்ஹாட் பிரித்துக் காட்டி 111 வருடங்களுக்குப் பிறகும் அதே பழைய குழப்பம். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தவறிக் கொடுத்த மருந்து ஒரு நோயாளியைக் காப்பாற்றியது. அந்தத் தவறைக் கண்டுபிடித்த ஆய்வுகூடச் சோதனைதான் பின்னால் வந்த இலட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது. சோதனை செய்யாமல் விட்டிருந்தால், 'டைபஸ் சுகமாயிற்று' என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

1949 இல் இந்த மருந்தை இரசாயன முறையில் தயாரிக்கும் வழி வெளியானது. விலை மலிந்தது. தடிமன், தொண்டை நோவு எல்லாவற்றுக்கும் கொடுத்தார்கள். அரிதாகச் சிலருக்கு எலும்பு மச்சையில் இரத்தம் ஊறுவதையே அது நிறுத்திவிடும் என்பது 1950களின் தொடக்கத்தில் தெரிய வந்தது. அதன் பிறகும் பல நாடுகளில் தாராளமாகவே பாவனையில் இருந்தது.

இதற்கிடையில் ஜப்பானில் ஒரு முக்கியமான உண்மை வெளிவந்தது. ஒரு பற்றீரியா தன்னிடமுள்ள எதிர்ப்புச் சக்தியை வேறு இனப் பற்றீரியாவுக்குக் கைமாற்றிக் கொடுக்க முடியும் என்று அகிபா, ஒச்சியாய் ஆகியோர் 1959 இல் காட்டினார்கள். நாம் இனம் இனமாகப் பிரித்து வைத்த எல்லை கிருமிகளுக்குக் கிடையாது. குடலில் சும்மா கிடக்கும் ஒரு கிருமி, தேவையில்லாமல் விழுங்கிய மருந்திலிருந்து பாடம் படித்து, நாளைக்கு வரப்போகும் டைபொயிட் கிருமிக்கு அதைச் சொல்லிக் கொடுக்கும்.

நடந்ததும் அதுதான். 1969 இல் குவாத்தமாலாவில் இரத்த வயிற்றோட்டம் பரவியபோது, அது அமீபாவால் வருவது என்று முதலில் தவறாக எண்ணினார்கள். உண்மையில் அது பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஷிகெல்லா பற்றீரியா. பல ஆயிரம் பேர் இறந்தார்கள். 1972 இல் மெக்சிக்கோவில் குளோரம்பெனிகோலுக்கு அடங்காத டைபொயிட் வந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. அதே வருடம் நமக்குக் கிட்டிய கேரளத்தின் கோழிக்கோட்டிலும் அப்படியான டைபொயிட் தோன்றியது. 1990களில் இந்தியத் துணைக்கண்டத்தில் பழைய மூன்று மருந்துகளும் எடுபடாமல் போக, சிப்ரொபுளொக்சசின் வந்தது. அதுவும் பலமிழக்க, செப்ட்ரியக்சோன் ஊசி. 2016 இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஐதராபாத்தில் அந்த ஊசிக்கும் அடங்காத டைபொயிட் பரவத் தொடங்கியது. வாயால் எடுக்கும் மருந்துகளில் அங்கே கையில் எஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான்.

அந்த அசித்ரோமைசின் நமக்குப் புதிய பெயரா? இருமலுக்கு, தடிமலுக்கு, "மூணு நாள் கோர்ஸ்" என்று துண்டு இல்லாமலே வாங்குகிறவர்கள் எத்தனை பேர்! தடிமலும் டெங்குவும் வைரசால் வருபவை. பற்றீரியாவைக் கொல்லும் மருந்துக்கு அங்கே வேலையே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2017 இல் நுண்ணுயிர்க்கொல்லிகளை மூன்றாகப் பிரித்தது: முதலில் கொடுக்கக்கூடியவை, எச்சரிக்கையோடு கொடுக்க வேண்டியவை, கடைசிக்கென ஒதுக்கி வைக்க வேண்டியவை. அசித்ரோமைசினும் செப்ட்ரியக்சோனும் இரண்டாவது வகை.

வைத்தியர் பக்கத்துக் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை சில நாட்கள் எடுக்கும். டைபொயிட் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரில்தான் அது கிருமியைக் காட்டும். விடால் சோதனையோ, வேறு காய்ச்சலையும் டைபொயிட் என்று சொல்லிவிடக்கூடியது. கடுமையான நோயாளியை றிப்போட் வரும்வரை காத்திருக்க வைக்க முடியாது. அனுமானத்தின் பேரில் மருந்து தொடங்கத்தான் வேண்டும். ஆனால் முதலாவது மருந்துக்கு முன்னால் இரத்தத்தை எடுத்து வைத்துவிட்டால், கிருமி வளர்ந்ததும் அதன் மேல் மருந்து ஊறிய சிறு வட்டத் தாள்களை வைத்து, எதைச் சுற்றிக் கிருமி வளரவில்லை என்று பார்க்கலாம். 1966 இல் பவர், கேர்பி முதலானோர் ஒழுங்குபடுத்திய முறை இது. அதன்படி மருந்தை மாற்றலாம், குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். வீட்டிலிருந்த மிச்சக் குளிசையில் இரண்டை விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவருடைய இரத்தத்தில் கிருமி வளர்வது கடினம். அவருடைய வருத்தத்துக்குப் பெயர் தெரியாமலே போய்விடும்.

பாகிஸ்தான் 2019 இல், சிந்து மாகாணத்தில் தொடங்கி, புதிய டைபொயிட் தடுப்பூசியைப் பிள்ளைகளின் வழக்கமான ஊசிகளோடு சேர்த்தது. வில்லியம் பட் சொன்ன சுத்தமான தண்ணீரும் மலக்குழிக்குத் தூரமான கிணறும் எந்த மருந்தையும்விட நிச்சயமான காவல். இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. தெற்காசியாவின் சில இடங்களில், பல வருடங்களாகக் கொடுக்காமல் விட்ட குளோரம்பெனிகோலுக்கு டைபொயிட் கிருமி மறுபடியும் அடங்கத் தொடங்கியிருக்கிறது. கோலாலம்பூரில் கிடைத்த அந்த மருந்து, கை வைக்காமல் விட்டதனால் கொஞ்சம் திரும்பிக் கிடைத்திருக்கிறது. அசித்ரோமைசினுக்கும் அந்தக் கதி வராமலிருக்க, அடுத்த முறை காய்ச்சல் வரும்போது நாம் செய்யக்கூடியது சின்ன விஷயம்தான்: பாமசிக்காரரிடம் குளிசை கேட்பதற்கு முன், வைத்தியரிடம் போய் "இது என்ன காய்ச்சல்?" என்று கேட்பது.