நடுவரின் ஒரு சொல்

ஆண்டு மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றவுடன் மூவேந்தரை எதிர்நோக்கும் அன்பர்கள் எம்மைப் பொறுத்தருள்க. ஈண்டு யாம் எழுதப் புகுவது, சிறுவர் ஆடும் சாப்ட்பால் என்னும் மென்பந்தாட்டத்தின் விதி ஒன்றின் வரலாறு. விதி சிறிது, அது கற்பிக்கும் பாடமோ பெரிது.

சென்ற ஆண்டு நம் சங்க விழாவையொட்டிக் குடியிருப்பு மைதானத்தில் அவ்வாட்டம் நடந்தது. ஒருபுறம் நம் வீட்டுப் பிள்ளைகள். மறுபுறம் அண்டை வீட்டு மலையாளப் பிள்ளைகள். ரயில்வேயில் விதிப்புத்தகம் புரட்டிப் பழகியவர் என்று சொல்லி எம்மை நடுவராக நிறுத்தினர். முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் மலையாளச் சிறுவர் இருவர் நின்றனர். மூன்றாமவன் அடித்த பந்து உயர எழுந்து, உட்களத்தில் நின்ற நம் சிறுமியின் தலைக்கு நேரே இறங்கிற்று. அவள் பிடித்துவிடுவாள் என எண்ணி இருவரும் தத்தம் இடத்திலேயே நின்றனர். அவளோ பந்தைத் தரையில் விழவிட்டு, உடனே எடுத்து மூன்றாம் பேஸுக்கு எறிந்தாள்; அங்கிருந்து அது இரண்டாம் பேஸுக்குப் பறந்தது. ஓடாது நின்ற இருவரும் ஆட்டமிழந்தனர். நம்மவர் கைதட்டினர். யாம் வாளாவிருந்தோம்.

ஆட்டம் முடிந்தபின் அச்சிறுவருள் ஒருவன் எம்மிடம் வந்து, "சார், முன்னமே ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அன்றிரவே விதிநூலைத் தேடிப் படித்தோம். பிழை எம்முடையதே என்று தெளிந்தோம்.

பந்து பிடிபட்டால் ஓடுபவர் தம் பேஸுக்குத் திரும்பவேண்டும். விழுந்தால் அடுத்த பேஸுக்கு ஓடியே ஆகவேண்டும். ஆகவே, பிடிக்கக்கூடிய பந்தை வேண்டுமென்றே விழவிடுபவன், நின்றாலும் ஓடினாலும் எதிரியை வீழ்த்திவிடலாம். இவ்வஞ்சனை பேஸ்பாலில் பெருகவே, அமெரிக்காவில் 1895-ஆம் ஆண்டில் ஒரு விதி வகுத்தனர். முதல் இரு பேஸ்களிலோ மூன்றிலுமோ ஓடுபவர் நிற்க, உட்களத்தார் எளிதிற் பிடிக்கக்கூடிய பந்து உயர எழுமாயின், அதைப் பிடித்தாலும் விட்டாலும் அடித்தவன் ஆட்டமிழந்தான் என நடுவர் உடனே உரத்துக் கூறவேண்டும். அதன்பின் ஓடுபவர் ஓடவேண்டிய கட்டாயம் இல்லை. ஓட விரும்பினால் அது அவர் பொறுப்பு.

முதலில் இவ்விதி ஒருவர் ஆட்டமிழந்திருந்தால் மட்டுமே செல்லும் என்றிருந்தது. எவரும் ஆட்டமிழக்காத வேளையிலும் அதே வஞ்சனை நிகழுமன்றோ? ஆதலின் 1901-இல் அதற்கும் விரித்தனர். 1887-இல் சிகாகோ நகரில் உட்கூட ஆட்டமாகத் தோன்றி வளர்ந்த மென்பந்தாட்டமும் இவ்விதியைத் தனதாக்கிக்கொண்டது. 1975-இல் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்னும் சட்ட மாணவர், ஆங்கிலேயரின் வழக்காற்றுச் சட்டம் வழக்குக்கு வழக்கு வளர்ந்தது போன்றே இவ்விதியும் வளர்ந்தது எனப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகச் சட்ட இதழில் எழுதினார்.

குறை கண்டவிடத்து விதியைத் திருத்துவது தமிழர்க்குப் புதிதன்று. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில் 919-ஆம் ஆண்டளவில் கல்லில் வெட்டிய குடவோலை முறையை, இரண்டே ஆண்டில் 921-இல் திருத்தி மீண்டும் வெட்டினர். கணக்குக் காட்டாதாரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு நிற்கலாகாது என்று வகுத்தனர். வஞ்சனை செய்வார்க்குப் பயன் கிட்டாமற் செய்வதே அங்கும் நோக்கம்.

எனினும் விதி தானே பேசாது, நடுவரே பேசவேண்டும். அதுவும் காலத்தே பேசவேண்டும். 2012 அக்டோபர் 5-ஆம் நாள் அட்லாண்டா நகரில் நடந்த பெரும் பேஸ்பால் ஆட்டத்தில், பந்து உட்களத்தைக் கடந்து வெகுதூரம் சென்று விழுந்தது. நடுவர் இவ்விதியைக் கூறினார். ஆனால் பந்து தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னரே கூறினார். மக்கள் சினந்து புட்டிகளையும் குப்பைகளையும் களத்தில் வீசினர். ஆட்டம் ஏறக்குறைய 19 நிமிடம் நின்றது. வண்டி கடந்தபின் காட்டும் சைகையால் யாருக்கு என்ன பயன்? ரயில்வே ஊழியராகிய எமக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் அம்பயர் என்னும் சொல், இணையற்றவர், அதாவது இருதிறத்தாருள் எவர்க்கும் இணையாகாதவர் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழியது. நமது 'நடுவர்' என்னும் சொல்லும் அதனையே குறிக்கின்றது. வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். சென்னையிற் பிறந்த வெங்கட்ராகவன் இந்தியக் கிரிக்கெட் அணியின் தலைவராய் இருந்து, பின்னர் 73 டெஸ்ட் ஆட்டங்களில் நடுவராய் நின்றார். தமிழன் நடுநிலைக்குத் தகுதியுடையான் என்பதற்கு அது சான்று.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் வாழும் நமக்கு இது விளையாட்டளவில் நிற்பதன்று. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்றுமுதல் இரு மொழியாரும் ஒரே கிணற்றில் நீர் மொண்டு, ஒரே வண்டியில் ஏறி வாழ்கின்றோம். இத்தகைய எல்லையூரில் தமிழ் நடுவர் வாய் மூடியிருப்பின், அது அறியாமை என்று எவரும் கொள்ளார்; ஓரவஞ்சனை என்றே கொள்வர். அச்சிறுவனின் கலங்கிய கண்ணில் யாம் கண்டது அதுவே.

மறுநாள் அவன் வீடு சென்று, தந்தையின் முன்னிலையில் பிழை எம்முடையது என்று கூறினோம். ஆட்டத்தின் முடிவை மாற்ற இயலவில்லை. பந்தை விழவிட்ட நம் சிறுமியையும் அழைத்து விதியை விளக்கினோம். "அப்படியாயின் அவர்களுக்கு நான் இழப்புச் செய்துவிட்டேனா, மாமா?" என்று அவள் கேட்டாள். "இல்லை அம்மா, யாமே செய்தோம்" என்றோம்.

இவ்வாண்டும் விழாவில் அவ்வாட்டம் உண்டு. பந்து உயர எழும்போது எம் கையும் உயரும். எம் குரல் மைதானத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும். இரு மொழியிலும் கேட்கும்.