சந்தோசப்பட்டால் விழும் நாய்கள்

1880இல் பிரான்ஸில் ஜெலினோ என்ற மருத்துவரிடம் 38 வயது வியாபாரி ஒருவர் வந்தார். வைன் பீப்பாய் விற்பவர். பேசிக்கொண்டிருக்கும்போதே, சாப்பிடும்போதே நித்திரை அவரை அமுக்கிவிடும். இன்னொன்றுதான் விசித்திரம். வாய்விட்டுச் சிரித்தாலோ, நல்ல வியாபாரம் படியப்போகிறது என்று மனம் துள்ளினாலோ கால்கள் துவண்டுவிடும். இந்த நோய்க்கு ஜெலினோ வைத்த பெயர் நார்கொலெப்சி. சந்தோசத்தில் உடல் துவள்வதைப் பின்னாளில் கேட்டப்லெக்சி என்றார்கள். அப்படி விழுபவருக்கு நினைவு தப்பாது. சுற்றியிருப்பவர்கள் பேசுவதெல்லாம் கேட்கும். தசைகள் மட்டும் சொற்கேளாது.

அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் காரணம் தெரியவில்லை. மனம் எதையோ தவிர்க்கப் பார்க்கிறது என்று விளக்கம் சொன்ன மருத்துவர்களும் இருந்தார்கள். இந்த நோய் பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குவது. அதனால் "சோம்பேறி", "வகுப்பில் நித்திரை கொள்ளும் பிள்ளை" என்ற பேச்சை அதிகம் கேட்டவர்கள் மாணவர்களே. இன்றும் கேட்கிறார்கள்.

விடைக்கு வழி காட்டியவை நாய்கள். 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிமெண்ட் இதே நோயுள்ள நாய்களைச் சேர்த்தார். முதலில் ஒரு பூடில், பிறகு டொபர்மான்களும் லாப்ரடோர்களும். பிடித்த சாப்பாட்டை முன்னால் வைத்தால் வால் ஆடும், அடுத்த நொடி கால் மடங்கும். டொபர்மான்களில் இது பரம்பரையாக வந்தது. அப்படியென்றால் ஏதோ ஒரு மரபணு பழுது. பிரான்ஸிலிருந்து வந்த இமானுவேல் மின்யோ அதைத் தேடத் தொடங்கினார். நாயின் மரபணுத் தொகுதி முழுதாக வாசித்து வெளியானது 2005இல்தான். அவர் தேடிய காலத்தில் வரைபடமே இல்லை. யாரோ எழுதிவிட்டுப் போன, குறிப்பே இல்லாத பழைய மென்பொருளில் பிழை தேடியவர்களுக்கு இந்த வேதனை புரியும். பத்து ஆண்டுகள் போயின.

இதற்கிடையே, 1998இல், நித்திரையைப் பற்றி நினைக்கவே நினைக்காத இரண்டு குழுக்கள் ஒரே பொருளைக் கண்டுபிடித்தன. கலிபோர்னியாவில் டி லெசியாவும் சட்கிளிஃபும் அதற்கு ஹைப்போகிரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். டெக்சாஸின் டல்லாஸில் சகுராயும் யானகிசாவாவும் அது பசியைத் தூண்டுகிறது என்று நினைத்து, பசிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரெக்சின் என்றார்கள். இரண்டு பெயர்களும் இன்றுவரை ஓடுகின்றன. டல்லாஸ் குழு ஒரெக்சின் இல்லாத எலிகளை உருவாக்கியது. எலி இரவில்தானே சாப்பிடும் என்று இருட்டில் அகச்சிவப்புக் கேமராவால் படம் பிடித்தார்கள். எலிகள் ஓடிக்கொண்டிருந்து திடீரென்று சாய்ந்தன. 1999 ஆகஸ்டில் 'செல்' ஆய்விதழில் அந்த எலிகளும் வந்தன, மின்யோவின் விடையும் வந்தது. நாய்களில் பழுதானது ஒரெக்சினை ஏற்கும் ஏற்பியின் மரபணு.

ஒரெக்சின் ஒரு நியூரோபெப்டைட், அதாவது அமினோ அமிலங்கள் கோர்த்த சிறு சங்கிலி. கையைத் தூக்க முதுகுத் தண்டிலுள்ள இயக்க நரம்பணுக்கள் தசைக்குக் கட்டளை அனுப்பவேண்டும். அவற்றுக்கு வரும் அவசரச் செய்திகளைக் குளுட்டமேட் கொண்டுவரும், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். நியூரோபெப்டைட் வேறு ரகம். மெதுவாகத் தொடங்கும், நெடுநேரம் நிற்கும். அரங்கேற்றத்தில் மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் காதில் விழும். தம்பூராவை யாரும் கவனிப்பதில்லை, அது நின்றால்தான் தெரியும். ஒரெக்சின் தம்பூரா.

மனித மூளையில் ஒரெக்சின் சுரக்கும் அணுக்கள் சுமார் 70,000தான். ஹைப்போதலமஸில் சிறிய இடத்தில் இருந்துகொண்டு மூளை முழுவதும் கிளை விரிக்கின்றன. சில இழைகள் இயக்க நரம்பணுக்களுக்கே போகின்றன. சில, லோகஸ் செருலியஸ் என்ற இடத்தைத் தூண்டி, அங்கிருந்து நோரட்ரினலின் போகச் செய்து இயக்க நரம்பணுக்களைத் தயார்நிலையில் வைக்கின்றன. கனவு காணும்போது அந்த உதவி நின்று, இயக்க நரம்பணுக்கள் பூட்டப்படுகின்றன. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து குதிப்பார். பகிடி கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கை சோர்ந்துபோவது நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஒரெக்சின் நம்மைத் தாங்கிப்பிடிக்கிறது. அது இல்லாதவருக்கு, விழித்திருக்கும்போதே கனவின் பூட்டு விழுந்துவிடுகிறது. டொபர்மான்களில் ஜெரோம் சீகலின் குழு இதை நேரடியாகவே பதிவு செய்தது: நாய் விழுந்த நேரத்தில் லோகஸ் செருலியஸ் அணுக்கள் மௌனமாகிவிட்டன.

மனிதர்களின் கதை கொஞ்சம் வேறு. 2000இல் இறந்த நோயாளிகளின் மூளைகளை ஆராய்ந்தபோது மரபணு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் ஒரெக்சின் அணுக்களில் 85 முதல் 95 சதவீதம் காணாமல் போயிருந்தன. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே அவற்றை அழித்திருக்கும் என்பது இன்று வலுவான சந்தேகம்.

இந்த ஆய்விலிருந்து முதலில் பயன் பெற்றவர்கள் நித்திரை வராதவர்கள் என்பதுதான் வேடிக்கை. ஒரெக்சினைத் தடுக்கும் சுவோரெக்சன்ட் மாத்திரைக்கு 2014இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இழந்த ஒரெக்சினின் வேலையைச் செய்யும் மருந்து அதற்குப் பிறகுதான் மனிதர்களில் சோதனைக்கு வந்தது. ஆனால் நோயை அளக்க முடிகிறது. முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீரில், ஒரு மில்லிலீட்டருக்கு 110 பிக்கோகிராம் அல்லது அதற்குக் குறைவான ஒரெக்சின் இருந்தால், வகுப்பில் நித்திரை கொள்ளும் அந்தப் பிள்ளைக்கு இருப்பது நார்கொலெப்சி என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கலாம்.