முழக்கம் தணிந்த வரலாறு

ஒலியை இறைவனின் வடிவமாகக் கண்டவர் நம் முன்னோர். ஆலயத்திலே காண்டாமணி ஒலிக்கும்போதும், நாதசுரம் தவழ்ந்து வரும்போதும், நம் உள்ளம் தானாகவே ஒடுங்குகின்றது. ஆயினும் ஒலிகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. மனிதனை ஒடுங்கச் செய்யும் ஒலியும் உண்டு; நடுங்கச் செய்யும் ஒலியும் உண்டு. இவ்விரண்டையும் பகுத்தறியும் செவியைப் புதுக்குடியிருப்பு மக்களாகிய நாம் எந்தப் பள்ளியிலும் கற்றோமில்லை. வானமே நமக்கு ஆசானாக இருந்தது. உளவு பார்க்கும் விமானத்தின் இரைச்சலுக்கு ‘வண்டு’ என்று பெயரிட்டோம். வானம் கிழிபடுவதுபோல் எழும் முழக்கத்துக்குக் ‘கிபிர்’ என்பதே பெயராயிற்று. அப்போது பேச்சும் பேசத் தொடங்காத குழந்தைகள்கூட அந்த ஒலி கேட்டதும் பங்கரை நோக்கித் தவழ்ந்தன என்று தாய்மார் இன்றும் சொல்வர்.

யுத்தம் 2009 ஆம் ஆண்டில் முடிவுற்றது. இன்று மாலை வேளைகளில் நம் ஊருக்கு மேலே மிக உயரத்திற் செல்லும் பிரயாணிகள் விமானங்களைக் காண்கிறோம். வெள்ளைக் கோடொன்று தெரிகிறது. ஒலியோ செவிக்கு எட்டுவது அரிது. உயரம் இதற்கு ஒரு காரணமே. ஆனால் இதே விமானங்கள் கட்டுநாயக்காவில் தாழ்ந்து ஏறும்போதும் அந்தப் பழைய முழக்கத்தை எழுப்புவதில்லை. இரண்டும் தாரை எஞ்சினாற் பறப்பவைதாமே. ஒன்று அடங்கிற்று, மற்றொன்று ஏன் அடங்கவில்லை? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரையாகும்.

முதலில் முழக்கம் பிறக்கும் இடத்தை அறிதல் வேண்டும். தாரை எஞ்சின் முன்புறத்தாற் காற்றை உள்ளிழுத்து, அழுத்தி, எரிபொருளோடு சேர்த்து எரித்து, அவ்வாறு பிறந்த சூடான வாயுவைப் பின்புறத்து வாய்க்குழலினூடாக வேகமாக வீசுகின்றது. அந்த வீச்சின் எதிர்விளைவே விமானத்தை முன்னே தள்ளுகின்றது. எஞ்சினின் உள்ளே சுழலும் சக்கரங்களே இடிபோல் முழங்குகின்றன என்று பலர் எண்ணுவர். அவையும் ஒலி செய்வன என்பது உண்மையே. ஆனால் விமானம் மேலெழும்போது கேட்கும் பேரொலி எஞ்சினுக்கு வெளியே, வாய்க்குழலுக்கும் பின்னால், வெறும் காற்றிலே பிறப்பதாகும். சைக்கிள் ரியூப்பின் வால்வைச் சற்றே தளர்த்திப் பார்த்தால் இது விளங்கும். அங்கே அசையும் உறுப்பு எதுவுமில்லை. ஆயினும் சீறல் எழுகிறது. விரைந்து வரும் காற்று, அசையாது நிற்கும் காற்றோடு மோதிச் சுழிகளாக உடைகின்றது, அச்சுழிகளே ஒலியாகின்றன.

அம்முழக்கம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகச் செல்வதுமில்லை. பின்புறமாகச் சரிந்த திசையிலேயே அது மிகுதியாகப் பாய்கின்றது. விமானம் தலைக்கு மேலாகக் கடந்து போன பின்னரே முழக்கம் உச்சமாகும் என்று நம் பெரியவர்கள் அனுபவத்தாற் சொல்வது விஞ்ஞானத்துக்கும் பொருந்துவதே.

இந்த ஒலியின் வரலாற்றிலே 1952 ஆம் ஆண்டு மறக்கலாகாத ஓர் ஆண்டு. அவ்வாண்டு மே மாதம் 2 ஆந் திகதி, பிரித்தானியாவின் ‘கொமெற்’ என்னும் தாரை விமானம் இலண்டனிலிருந்து ஜொகன்னஸ்பேர்க்குக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றது. உலகின் முதலாவது தாரை விமானப் பிரயாணிகள் சேவை அதுவே. அதே ஆண்டிலே அந்தக் கொமெற் சேவை இலங்கைக்கும் நீடிக்கப்பட்டது. தாரை எஞ்சினின் குரலை ஆசியாவிலே முன்னதாகக் கேட்ட நாடுகளில் நமது தீவும் ஒன்று என்பதை நம்மிற் பலர் அறியார்.

அதே 1952 இல், மஞ்செஸ்ரர் சர்வகலாசாலையில் இருந்த ஜேம்ஸ் லைற்ஹில் என்னும் கணித அறிஞர், காற்றோட்டத்திலிருந்து ஒலி பிறக்கும் விதத்தைப் பற்றி ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 28. தாளும் பேனாவும் கொண்டு அவர் கண்ட முடிவு வியப்புக்குரியது. தாரையின் ஒலியாற்றல் அதன் வேகத்தின் எட்டாம் அடுக்குக்கு ஏற்ப வளரும் என்பதே அது. வேகம் இரு மடங்கானால் ஒலியாற்றல் இரு மடங்கன்று, நான்கு மடங்குமன்று, 256 மடங்காகும். இதையே திருப்பிச் சொன்னால், வேகத்தைப் பாதியாக்கினால் ஒலியாற்றல் 256 இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். டெசிபெல் கணக்கில் இது ஏறக்குறைய 24 ஆகும். பிற்காலத்து மௌனத்துக்கெல்லாம் வித்து இந்த ஒரு விதியே எனலாம்.

ஆனால் வேகத்தைக் குறைத்தால் விமானம் எழுவது எங்ஙனம்? அந்நாள் எஞ்சின்களால் அது இயலவில்லை. ஆகவே பொறியியலார் வாய்க்குழலின் வடிவத்திலே கைவைத்தனர். றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கிறேற்றெக்ஸ் என்பவர் 1950களின் நடுப்பகுதியில் ஒரு புதுமை செய்தார். வட்டமாக இருந்த வாய்க்குழலின் விளிம்பை ஆழ்ந்த மடிப்புகள் கொண்டதாக்கினார். இதன் நுட்பத்தை நம் வீட்டு அடுப்படியிலேயே காணலாம். முறுக்கு உரலின் அச்சிலுள்ள துளை நட்சத்திர வடிவமானது. அதே பரப்புள்ள வட்டத் துளையைவிட அதன் விளிம்பு நீளமானது. விளிம்பு நீண்டால் வேகமான வாயுவும் வெளிக்காற்றும் தொடும் இடமும் நீளும். இரண்டும் விரைவிற் கலந்து வேகம் தணியும். அமெரிக்காவின் போயிங் நிறுவனத்தாரோ தமது 707 விமானத்தின் முதல் வகைகளிலே ஒரு பெரிய வாய்க்குப் பதிலாகப் பல சிறு குழாய்களைப் பொருத்தினர். அது இடியப்ப உரலின் அச்சைப் போன்றது. பெருஞ்சுழிகள் சிறு சுழிகளாயின. ஆழ்ந்த உறுமல் கீச்சொலியாக மாறிற்று. கீச்சொலியைக் காற்று விரைவிலே உறிஞ்சிவிடும்; உறுமலோ நெடுந்தூரம் செல்லும். எனவே தொலைவில் இருப்பவன் செவிக்கு இரைச்சல் குறைந்தது.

இந்த நன்மை இலவசமாகக் கிடைக்கவில்லை. இவ்வாய்க்குழல்கள் பாரமானவை, உந்துவிசையிலும் ஒரு பங்கை விழுங்கின, எரிபொருளும் கூடுதலாகச் செலவாயிற்று. இலாபம் நாடும் நிறுவனங்கள் பின் எதற்காக இச்சுமையை ஏற்றன? அவற்றின் நல்ல உள்ளம் மாத்திரமா காரணம்? இல்லை. நியூயோர்க் விமான நிலையத்தைச் சூழ வாழ்ந்த ஜனங்களே காரணம். அவர்கள் முறையிட்டனர், கூடினர், வாக்குரிமை உள்ளவர்களாக நின்றனர். அவ்விமான நிலையத்தை நடத்திய துறைமுக அதிகாரசபை, தாரை விமானங்கள் இத்தனை இரைச்சலுக்கு மேற் செய்யலாகாது என வரம்பு கட்டியது. மனிதச் செவி உணரும் அளவை வைத்து வகுக்கப்பட்ட ஒரு புதிய அளவுகோலில் 112 என்பதே அவ்வரம்பு. 1958 ஒக்ரோபரில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து தாரை விமான சேவைகள் ஆரம்பமானபோது, அவை இந்த வரம்புக்குப் பணிந்தே நியூயோர்க்கில் இறங்கவும் ஏறவும் வேண்டியிருந்தது.

அயல்நாடாகிய இந்தியாவுக்கு 1960 இல் ஏயர் இந்தியாவின் போயிங் 707 விமானங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் இருந்தவை றோல்ஸ் றோய்ஸின் ‘கொன்வே’ எஞ்சின்கள். பம்பாயிலே அவ்விமானங்களைப் பார்க்கச் சென்றவர்கள் வாய்க்குழலின் மடிப்புகளைக் கண்ணாற் கண்டிருப்பர். ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேறொரு மாற்றமும் அந்த எஞ்சினுக்குள் இருந்தது. உள்ளிழுத்த காற்று முழுவதும் தீயினூடே செல்லாமல், ஒரு பங்கு பக்கவழியாகச் சென்று பின்னால் வெளியேறியது. பக்கவழி எஞ்சின்களிற் பிரயாணிகள் சேவைக்கு முதலில் வந்தது கொன்வேயே. சிறிதளவு காற்றை மிகு வேகத்தில் எறிவதும், பேரளவு காற்றை மெதுவாக எறிவதும் ஒரே உந்துவிசையைத் தரவல்லன. லைற்ஹில்லின் எட்டாம் அடுக்கு விதியை நினைவிற் கொண்டால், இரண்டாவது வழி எத்துணை அமைதியானது என்பது விளங்கும்.

கொன்வேயிலே பக்கவழிக் காற்று சிறு பங்கே. 1970 இல் சேவைக்கு வந்த போயிங் 747 இன் எஞ்சின்களில் அது தீயினூடு செல்லும் காற்றைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்காயிற்று. இக்காலத்துப் புதிய எஞ்சின்களில் ஒன்பது, பத்து மடங்குக்கு மேலும் வளர்ந்துள்ளது. இத்துடன் சட்டமும் துணைக்கு வந்தது. 1969 இல் அமெரிக்க அரசாங்கமும், 1971 இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனமும் விமான இரைச்சலுக்கு விதிகளை வகுத்தன. புதுவகை விமானம் பறப்பதற்கு முன் தன் ஒலியையும் பரீட்சைக்கு உட்படுத்த வேண்டியதாயிற்று.

வாய்க்குழல் பற்றிய ஆராய்ச்சியும் நின்றுவிடவில்லை. 1990களில் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தார் வாய்க்குழலின் விளிம்பை வாட்பற்களைப் போல வெட்டிப் பரிசோதித்தனர். ஒவ்வொரு பல்லும் காற்றோட்டத்திலே சிறு சுழிகளைத் தோற்றுவித்து, கலப்பை மென்மையாக நடத்துகிறது. உந்துவிசை இழப்போ அற்பம்; ஒலிக் குறைவு இரண்டு மூன்று டெசிபெல். 2003 இல் சிறிய ரக விமானங்களிலும், 2011 இற் சேவைக்கு வந்த போயிங் 787 இலும் இப்பல் விளிம்புகள் இடம் பெற்றன. கட்டுநாயக்காவுக்குச் செல்வோர் அங்கு நிற்கும் விமானங்களின் எஞ்சின்களைப் பின்புறமாக நோக்கினால் சிலவற்றில் இவ்விளிம்பைக் காணக்கூடும். கிறேற்றெக்ஸின் முரட்டு மடிப்புக்கு இது பேரப்பிள்ளை என்க.

இனி நமது பழைய வினாவுக்கு வருவோம். கிபிர் விமானத்தின் எஞ்சின் ஜே 79 எனப்படுவது. லைற்ஹில்லும் கிறேற்றெக்ஸும் உழைத்த அதே 1950களிலே பிறந்தது. பக்கவழி இல்லாதது, வெளியேறும் வாயுவிலே மீண்டும் எரிபொருளைச் சொரிந்து எரித்து வேகத்தைப் பெருக்குவது. வேகம் பெருகினால் ஒலி எவ்வாறு பெருகும் என்பதை மேலே கண்டோம். மௌனத்துக்கான வழி கண்டறியப்பட்ட காலத்திலேயே பிறந்தும், அவ்வழி அதற்குத் தேவைப்படவில்லை. சிவில் விமானங்களுக்கான 1944 ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கை, தான் அரச விமானங்களுக்குப் பொருந்தாது என்று தன் மூன்றாம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. இராணுவ விமானங்கள் அதில் அடங்கும். ஆகவே இரைச்சல் விதிகள் போர் விமானங்களைத் தீண்டவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். அந்தக் கிபிர் ஒலியற்றதாக இருந்திருந்தால் நமக்கு நன்மையோ? அன்று. அம்முழக்கமே நமக்கு எச்சரிக்கை. அது கேட்டதனாலன்றோ பலர் பங்கருக்குள் இறங்கினர். ஒலி தணிந்திருந்தால் உயிர்கள் கூடப் போயிருக்கும். நாம் அன்று வேண்டியது ஓசையற்ற விமானத்தையன்று, விமானம் வராத வானத்தை. எந்த வாய்க்குழலாலும் அதைத் தர இயலாது.

இதனால் நாம் கற்பது யாது? முழக்கத்தைத் தணித்தது உலோகமும் கணிதமும் மாத்திரம் அல்ல. கீழே வாழ்பவனும் ஒரு மனிதன், அவன் செவிக்கும் நித்திரைக்கும் மதிப்புண்டு என்று மேலே பறப்பவனை ஏற்கச் செய்ததே முதற்படி. நியூயோர்க்கில் அவன் எண்ணப்பட்டான். பொறியியலாளன் மடிப்புக் குழலைச் செய்தான். கீழே உள்ளவன் எண்ணப்படாத இடத்திலே, கண்டறியப்பட்ட அறிவும் பயன்படாது கிடந்தது.

பிறரைக் கேட்கும் இக்கேள்வியை நம்மையும் நாமே கேட்டுக் கொள்ளல் தகும். திருவிழாக் காலத்திலே நம் ஆலயங்களின் ஒலிபெருக்கிகளைப் பனையுயரத்திற் கட்டி, விடியற்காலை தொட்டு நள்ளிரவு வரை முழங்க வைக்கிறோம். அருகே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உண்டு, நோயாளி உண்டு, பேரோசை கேட்டால் இன்றும் உடல் பதறும் முதியவர்கள் இவ்வூரில் எத்தனை பேர்! அவர்களை நாம் எண்ணினோமா? ஒலிபெருக்கியை ஆலய வீதிக்குள் அடங்கும்படி தாழ்த்திக் கட்டினால் அம்பாளின் அருள் குறைந்துவிடாது.

எம்மூர் இளைஞர்களே! 28 வயதில் ஒருவர் தாளிலே கண்ட விதி கோடிக்கணக்கான மக்களின் நித்திரையைக் காத்தது. முழக்கத்தைக் கேட்டே வளர்ந்த நம்மிலும் ஒருவர், முழக்கத்தைத் தணிக்கும் கலையிலே வல்லவராக வருதல் கூடாதா? கணிதத்தையும் பௌதிகத்தையும் ஊக்கத்தோடு கற்போம். கற்றபின் எவ்வளவு உயரத்திற் பறந்தாலும், கீழே இருப்பவனின் செவியை மறவாதிருப்போம்.