குளக்கட்டும் குடிகளின் உழைப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையே அதன் வாழ்வு. அம்மழையைத் தேக்குபவை சிறு குளங்களின் மண்கட்டுகள். கடல்நீரேரியின் உவர் வயலுள் புகாது காப்பவையும் மண்ணணைகளே. குளத்து நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக நிற்கிறது. ஆகவே ஒரு கட்டுச் சிதைந்தால் வயல் மட்டுமன்று, அயலிலுள்ள கிணறுகளும் கெடும்.

மண்கட்டு பெரும்பாலும் ஒரே நாளில் அழிவதில்லை. கோடையில் வெடிக்கிறது, எலி வளை தோண்டுகிறது, பட்ட மரத்தின் வேர் உக்கி நீருக்கு வழிவிடுகிறது, மாடுகளின் குளம்பு முகட்டைத் தேய்க்கிறது. ஆண்டுதோறும் மாரிக்கு முன் மண்ணிட்டு இறுக்கினால் அது நிலைக்கும். அம்மண்ணைச் சுமப்பவர் யார்? சரித்திரம் இக்கேள்விக்குப் பல விடைகள் தந்திருக்கிறது.

இலங்கை மன்னர்கள் இராசகாரியம் என்று கட்டாய உழைப்புப் பெற்றனர். ஒல்லாந்தர் குடாநாட்டில் ஊழியம் வாங்கினர். 1832இல் ஆங்கிலேயர் இராசகாரியத்தை ஒழித்தனர். கொடுமை நீங்கியது நன்றே; ஆனால் அதனோடு பிணைந்திருந்த பொதுக் கடமைக்கு மாற்று வகுக்கப்படவில்லை. 1856இல், தேசாதிபதி வார்ட் காலத்தில், நீர்ப்பாசனச் சட்டமொன்று பழைய வழமைகளுக்குப் புத்துயிர் அளிக்க முயன்றது. சென்னை மாகாணத்திலும் குடிமராமத்தைக் காக்க 1858இல் கட்டாய உழைப்புச் சட்டமே பிறந்தது.

வழமை என்பது இனிய சொல். ஆயினும் அதனுள்ளே நிலம் ஒருவருக்கும் கடகம் மற்றொருவருக்குமாக இருந்தது. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்த பின்னரும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் குடாநாட்டின் ஒடுக்கப்பட்ட மக்கள் உயர்சாதியினர் கிணறுகளில் நீர் அள்ள விடப்படவில்லை. கிணறு ஊற உழைத்த கைகளுக்கே கிணறு மறுக்கப்பட்டது!

1958இல் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. நிலமற்ற குத்தகையாளனும் நீர்ப்பாசனம் பற்றிப் பேசும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று. எழுபதுகளில் அக்குழுக்கள் மறைந்தன. 1990இல் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறியபோது, அங்கே கட்டுகளைப் பார்க்க ஆளே இல்லாது போயிற்று.

இன்று கமக்காரர் அமைப்புகள் உள்ளன. மண் அள்ள எந்திரமும் உண்டு. ஆனால் புரட்டாதியில் எலிவளையைக் கண்டு அடைக்க, அக்குளத்தைத் தமதென்று கருதும் மனிதர் வேண்டும். நீரில் பங்கும் முடிவில் குரலும் இல்லாதவரிடம் அவ்வுணர்வை எதிர்பார்ப்பது நியாயமா? கட்டை உறுதிசெய்ய விரும்புவோர் முதலில் அப்பங்கை வழங்கட்டும்.